நோய் தாங்கும் கொடி ரோஜா: எந்த நோயை, எந்த ஊரில்?

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்தால் போதும், மதினியிடமிருந்து போன் வந்துவிடும். "தம்பி, ரோஜா மறுபடியும் மொட்டையாயிட்டு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஏற்றிவிட்ட கொடி ரோஜா அது. சித்திரை வெயிலில்கூடப் பச்சை குறையாமல் நின்ற செடி, மழை பிடித்த மூன்றாம் வாரம் அடியிலிருந்து மஞ்சளடிக்கத் தொடங்கும். தொட்டாலே இலை கையோடு வரும். எடுத்துப் பார்த்தால் பேனாவை உதறி மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். புள்ளியின் விளிம்பு வட்டமாக வெட்டினது போல இருக்காது, பஞ்சைப் பிய்த்த மாதிரி பிசிறடிக்கும். அந்தப் பிசிறுதான் அடையாளம். கரும்புள்ளி நோய்.

வாங்கும்போது நர்சரியில் சொன்னது, "இது நோயே அண்டாத ரகம் அக்கா." அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த ரகம் எங்கோ ஓர் ஊரில் ஏதோ ஒரு நோயைத் தாங்கியிருக்கும். "நோய் தாங்கும்" என்பது பாதிச் சொல். எந்த நோயை, எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கேட்டால்தான் அது முழுசாகும். திருநெல்வேலிச் சீமையில் கொடி ரோஜா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டு ரோஜாப் பட்டியல்களில் "நோய் எதிர்ப்பு உண்டு" என்று எழுதியிருந்தால் முதலில் கரும்புள்ளியையும், அடுத்து சாம்பல் நோயையும் மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்று ஒரு தரச்சோதனை இருக்கிறது. புது ரகங்களை நாட்டின் பல இடங்களில் நட்டு மூன்று வருஷம் கவனித்து மதிப்பெண் போடுவார்கள். 1997 முதல் அந்தத் தோட்டங்களில் மருந்து அடிப்பதே இல்லை. கடுமையான சோதனைதான், அதில் தேறிய ரகத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்கே உறைபனியைத் தாங்குகிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நமக்கு உறைபனி எதற்கு? பங்குனி முடிந்ததும் நாற்பது டிகிரியைத் தொடும் வெயிலுக்கும், உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீருக்கும் அங்கே யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கரும்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சை ஒரே மாதிரியானது அல்ல. அதில் பல இனக்கூறுகள் உண்டு. ஒரு செடியிடம் இருக்கும் எதிர்ப்பு மரபணு ஒரு கூறைத் தடுக்கும், இன்னொன்றை வாசல் திறந்து உள்ளே விடும். காட்டு ரோஜாவான மல்டிஃப்ளோராவிலிருந்து கண்டெடுத்த ஆர்.டி.ஆர்.1 என்ற மரபணு பல கூறுகளைத் தடுக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. அமெரிக்காவில் 2000-ல் விற்பனைக்கு வந்த 'நாக் அவுட்' என்ற புதர் ரோஜா கரும்புள்ளியே வராதது என்று பேர் வாங்கியது. பிறகு அதையும் தாக்கும் கூறு ஒன்றை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் வேறு தேசத்துச் சான்றிதழை வைத்துக்கொண்டு நம்மூர்ப் பூஞ்சையோடு வாதாட முடியாது.

சரி, நம்மூரில் நடப்பது என்ன? மாதத்தை வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

கரும்புள்ளிப் பூஞ்சை முளைக்க இலை நனைந்திருக்க வேண்டும். அதுவும் ஏழு மணி நேரமாவது விடாமல் ஈரம் நிற்க வேண்டும். வித்துகள் பரவுவது பெரும்பாலும் மழைத்துளி தெறித்து. அதனால்தான் எப்போதும் அடி இலையில் ஆரம்பிக்கிறது. திருநெல்வேலி மழை மறைவுப் பக்கம். மாசி முதல் புரட்டாசி வரை சமவெளியில் இலை ஏழு மணி நேரம் நனைந்து கிடக்கிற நாள் அபூர்வம். முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் அந்தப் பூஞ்சைக்கும் தெம்பு குறையும். ஆக, கரும்புள்ளி நமக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்களின் நோய். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதி, அவ்வளவுதான். மற்ற மாதங்களில் கரும்புள்ளிக்குப் பயந்து வாராவாரம் மருந்து அடிக்கிறவர் காசைத்தான் கரைக்கிறார்.

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் கதை வேறு. அங்கே ஆனி, ஆடியில் சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் காலையில் நனைந்த இலை மத்தியானம்கூடக் காயாது. அப்புறம் ஐப்பசி மழையும் உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை கரும்புள்ளி. பாளையங்கோட்டையில் தேறிய ரகம் இலஞ்சியில் தோற்கலாம். இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு மணி நேரத்துச் சொச்சம் பஸ் பயணம்தான், ஆனால் ரோஜாவுக்கு அது இரண்டு தேசம்.

மழை விட்டு மார்கழிக் கடைசியில் பனி இறங்கும்போது அடுத்தவர் வருவார், சாம்பல் நோய். குருத்து இலையிலும் மொட்டுக் காம்பிலும் திருநீறு பூசினது போல வெள்ளை படரும், இலை சுருண்டுகொள்ளும். இந்தப் பூஞ்சையின் குணம் முன்னதற்கு நேர் எதிர். இலைமேல் தண்ணீர் நின்றால் இதன் வித்து முளைக்காது. இதற்கு வேண்டியது ஈரப்பதம் மிகுந்த ராத்திரியும் காய்ந்த பகலும். தை மாதம் சரியாக அப்படித்தான் இருக்கும். அதனால் தை, மாசியில் காலை வெயில் ஏறுகிற நேரம் குழாயைப் பிடித்து இலையைக் கழுவிவிடுவது சாம்பலுக்கு நல்ல வைத்தியம். அதே வேலையை ஐப்பசியில் செய்தால் கரும்புள்ளிக்கு விருந்து வைப்பதாகும். "ரோஜாவுக்கு இலையில் தண்ணீர் படலாமா?" என்று கேட்டால், மாதம் என்ன என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

பங்குனி தாண்டினால் பூஞ்சைகள் ஓய்ந்து செஞ்சிலந்தி வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு. இலையின் மேல்பக்கம் ரவையைத் தூவினது போல வெளிறிப் போயிருந்தால், ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தால் அது தூசி இல்லை. முப்பது டிகிரி வெயிலில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ரோட்டோரத்துத் தூசி படிந்த செடியில் இன்னும் வேகம். கண்ட பூச்சிமருந்தை அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் சாகும், செஞ்சிலந்தி இரண்டு மடங்காகத் திரும்பும். இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதுதான் முதல் வைத்தியம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு மூன்று மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கலாம். நனையும் கந்தகத்தை மட்டும் கோடையில் தொடாதீர்கள். சாம்பல் நோய்க்கு அது நல்ல மருந்து, லிட்டருக்கு இரண்டு கிராம் கணக்கு. ஆனால் முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் இலையைச் சுட்டுவிடும். நம் பகல் வெயிலில் வருஷத்தில் பாதி நாள் அதற்கு ஆகாது.

இப்போது ரகத்துக்கு வருவோம். பேர் தெரிந்து வாங்க முடிகிறவர்களுக்கு நான் சொல்வது, பேரைவிடக் குலத்தைப் பாருங்கள்.

ஒரு குலம் விச்சுராயானா என்ற ஜப்பானியக் காட்டு ரோஜாவின் வழி. இலை சின்னது, மெழுகு பூசினது போல மினுமினுக்கும், தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். 'நியூ டான்' இந்தக் குலம்தான். 1910-ல் வெளிவந்த 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்ற கொடி ரோஜா வருஷத்துக்கு ஒரே தடவை பூப்பது. அதில் தானாக மாறிய ஒரு கிளை திரும்பத் திரும்பப் பூத்தது. அதைப் பெருக்கி 1930-ல் 'நியூ டான்' என்று விட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஒரு செடிக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமை இதற்குத்தான். வெளிர் இளஞ்சிவப்பு. கரும்புள்ளியை நன்றாகவே தாங்கும்.

இரண்டாவது, சீனத்துத் தேயிலை ரோஜாக்களின் ரத்தம் கலந்த நாய்செட் குலம். 'லமார்க்' 1830-ல் வந்தது, 'ரேவ் தோர்' 1869, 'கிரெபுஸ்குல்' 1904. நூறு, இருநூறு வருஷத்துச் சரக்கு. இவற்றின் முன்னோர் வெப்பம் கண்டவர்கள், குளிர்கால உறக்கம் கேட்க மாட்டார்கள், வருஷம் முழுக்க இலை நிறுத்துவார்கள். என் கணக்கில் நம் வெயிலுக்கு ஒத்துவருவது இவர்கள்தான். பனிக்காலத்தில் சாம்பல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதற்குத்தான் குழாய் இருக்கிறதே.

மூன்றாவது, பிராக்டியேட்டா. 1793-ல் சீனாவிலிருந்து இங்கிலாந்து போன காட்டு ரோஜா. அதன் பிள்ளை 'மெர்மெய்டு', 1918, ஒற்றை அடுக்கு மஞ்சள் பூ. கரும்புள்ளிக்கு அசைந்து கொடுக்காது. ஆனால் முள் தூண்டில் மாதிரி, கொடி இருபது அடிக்கு மேல் ஓடும். குழந்தைகள் ஓடியாடும் முடுக்கில் அதை வைக்காதீர்கள்.

பிராக்டியேட்டாவுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கிளினோஃபில்லா என்ற காட்டு ரோஜா, வங்காளத்து நீர்க்கரைகளில் வெள்ளம் சூழ்ந்தாலும் நிற்பது. வெப்ப நாட்டுக்கான ரோஜாக்களை உருவாக்க அதைக் கையில் எடுத்தவர்கள் கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜா ஆராய்ச்சி செய்த முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.எஸ். வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும். உலகம் முழுக்க ரோஜா வளர்ப்பு ஐரோப்பியக் குளிரை மனதில் வைத்தே நடந்துவந்தது என்பதும், வெயில் நாட்டுக்கு வெயில் நாட்டு ரத்தம் வேண்டும் என்பதும் அவர்களுடைய வாதம். சரியான வாதம் என்றே நினைக்கிறேன். டெல்லியில் வேளாண் விஞ்ஞானி பி.பி. பால் என்பவரும் அந்த ஊர் வெயிலுக்கு நடுவே ரோஜாக்களை உருவாக்கியவர். அவருடைய 'டெல்லி ஒயிட் பேர்ல்' கொடி வகை. நீலகிரி, பழனி மலைகளில் லெஷனால்டியானா என்று வெள்ளைப் பூப் பூக்கும் நம் சொந்தக் காட்டுக்கொடி ரோஜாவும் உண்டு, ஆனால் அது மலைக்குளிர்ப் பிள்ளை, கீழே இறங்காது.

தவிர்க்கச் சொல்வது வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் ராம்ப்ளர் வகைகளை. அவற்றில் பலவும் குளிர்காலம் ஒன்று கழிந்தால்தான் மொட்டு வைக்கும். நம்மூரில் குளிர்காலம் என்று சொல்வது போர்வையை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நாலு ராத்திரிதான்.

இவ்வளவு பேரும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பக்கத்து நர்சரிகளில் பேர் எழுதிய கொடி ரோஜா கிடைப்பது அபூர்வம். "கொடி ரோஸ், பிங்க்", "கொடி ரோஸ், வெள்ளை" என்றுதான் வரும். ஓசூரிலிருந்தோ ஆந்திரத்துக் கடியத்திலிருந்தோ லாரியில் இறங்கியதாக இருக்கும். பேர் இல்லாத செடியில் குலத்தை எப்படிப் பார்ப்பது? இலையைப் பார்க்கலாம். மினுமினுப்பும் தடிப்பும் உள்ள இலைக்கு முன்னுரிமை. மெல்லிய, மங்கலான, பெரிய இலை என்றால் யோசிக்க வேண்டும். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வேர்.

வேர் விஷயத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சில வருஷத்துக்கு முன் மஞ்சள் கொடி ரோஜா ஒன்று வாங்கி, மேற்குச் சுவரில் வைத்து, போர்த் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். இரண்டு வருஷம் நன்றாகப் பூத்தது. மூன்றாவது கோடையில் மேல்கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கின. அதே சமயம் அடியிலிருந்து இரண்டு சிம்பு தடியாக, விறுவிறுவென்று கிளம்பியது. செடி பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அவற்றை ஆசை ஆசையாகக் கம்பியில் கட்டினேன். அடுத்த தையில் பூத்தது, கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய் அளவு வெள்ளைப் பூ. மஞ்சளைக் காணோம். நான் ஒரு வருஷமாக ஊட்டி வளர்த்தது ஒட்டுக் கட்டியிருந்த அடிச்செடியை!

கடையில் வாங்கும் கொடி ரோஜா பெரும்பாலும் கண் ஒட்டுக் கட்டினது. மேலே ஒரு ரகம், கீழே வேறொன்றின் வேர். மேல் ரகத்துக்கு வெயிலோ உப்போ ஒத்துக்கொள்ளாமல் நலிந்தால் கீழே இருப்பவன் தலைதூக்குவான். ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து வரும் சிம்பை அன்றே பிடுங்கிவிட வேண்டும். வெட்டினால் போதாது, வெட்டின இடத்தில் நாலாக முளைக்கும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்தோடு கிழித்தெடுக்க வேண்டும். "அஞ்சு இலை இருந்தா ரோஜா, ஏழு இலை இருந்தா காடு" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கொடி ரோஜாவில் அதை நம்பாதீர்கள். விச்சுராயானா குலத்து நல்ல ரகங்களிலும் ஏழு இலை உண்டு. எங்கிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் பாருங்கள். நடும்போதே ஒட்டு முடிச்சை மண்ணுக்கு இரண்டு விரல்கடை மேலே நிறுத்தினால் பார்ப்பதும் சுலபம்.

அடுத்தது தண்ணீர். ரோஜா உப்பு தாங்காத செடி. இலை ஓரம் தீய்ந்தது போலப் பழுப்பாவதும், நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவெல்லாம் மஞ்சளாவதும் நோயே அல்ல. முன்னது உப்பு. பின்னது, சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரால் மண் காரமேறி வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போவது. இதற்குப் பூஞ்சை மருந்து அடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிச்செடி மல்டிஃப்ளோராவாக இருந்தால் கார மண்ணில் இந்த மஞ்சள் சீக்கிரமே வரும். வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால், உப்பளவைக் காட்டும் ஈ.சி. (மின்கடத்து திறன்) எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். அது ஒன்றுக்குள் இருந்தால் தைரியமாக ஊற்றலாம். கையில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் ஏறக்குறைய 640 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரையோ தட்டட்டியில் விழும் மழைத் தண்ணீரையோ சேர்த்துவைத்துக் கலந்து ஊற்றுவது நல்லது. உப்புத் தண்ணீரைத் தினம் ஒரு செம்பு தெளிப்பதுதான் ஆகப் பெரிய கெடுதல். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக, வேரைத் தாண்டி இறங்கும்படி விட்டால் உப்பும் சேர்ந்து இறங்கும்.

இராதாபுரம், திசையன்விளை பக்கத்துத் தேரி மணலில் உப்போடு நூற்புழுவும் சேரும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். ஃபார்ச்சூனியானா என்ற அடிச்செடி இந்த நூற்புழுவைத் தாங்கும் என்று அமெரிக்காவின் ஃப்ளோரிடா மணலில் பெயர் வாங்கியது. நம் பக்கம் அதில் ஒட்டுக் கட்டின செடி கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கிடைக்கிற வரை குழியில் மக்கின சாணமும் வேப்பம் பிண்ணாக்கும்தான் கதி. குழி எந்த மண்ணிலும் ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். கரிசலாக இருந்தால் அடியில் செங்கல் சல்லி போட்டுத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் கொட்டின மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற வீடுகளில் செத்த ரோஜாக்கள் பல, கரும்புள்ளியில் சாகவில்லை, வேர் மூச்சுமுட்டிச் செத்தன.

இனி சுவர். "கொடி" என்று சொல்கிறோமே தவிர ரோஜா உண்மையில் கொடி அல்ல. முல்லை சுற்றிக்கொண்டு ஏறும், பாகல் பற்றுக்கம்பி விட்டு ஏறும். ரோஜாவுக்கு இரண்டும் கிடையாது. நீண்ட கிளையை நீட்டி, வளைந்த முள்ளைப் பக்கத்துச் செடியில் மாட்டிக்கொண்டு சாயத்தான் தெரியும். நாம் கட்டிவிட வேண்டும். கட்டுவதில்தான் பூவும் இருக்கிறது, ஆரோக்கியமும் இருக்கிறது. கிளை செங்குத்தாக நின்றால் நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழ்க்கண்களை எழவிடாது. உச்சியில் மட்டும் நாலு பூ, அதுவும் மேல்வீட்டுக்காரர் பார்க்க. அதே கிளையைப் படுக்கையாக வளைத்துக் கட்டினால் அந்த அதிகாரம் தளர்ந்து, கண்ணுக்குக் கண் பக்கக்கிளை எழுந்து பூக்கும். இலைகளும் ஒன்றன்மேல் ஒன்று அடையாமல் பரந்து நிற்கும். காற்று ஊடே போகும், மழை விட்டதும் சீக்கிரம் காயும். அந்த ஏழு மணி நேரக் கணக்கில் நாம் பிடிக்கிற ஒவ்வொரு மணியும் ஒரு மருந்து அடிப்புக்குச் சமம்.

அதற்காகவே கம்பியைச் சுவரோடு ஒட்டி அடிக்காமல் ஒரு சாண் தள்ளி அடியுங்கள், ஒன்றரை அடிக்கு ஒரு வரிசை. கட்டுவதற்கு வாழைநார் போதும். ஒரு வருஷத்தில் மக்கிவிடும், தடித்து வரும் கிளையை இறுக்காது. நைலான் கயிறு கிளையை அறுத்துவிடும், அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறும். ஆடிக் காற்றில் தளர்வாக விட்ட கிளை தன் முள்ளாலேயே தன் இலையைக் கிழித்துக்கொள்ளும். காற்றாலைகள் நிற்கிற கயத்தாறு, ஆலங்குளம், வள்ளியூர் பக்கம் இருப்பவர்கள் ஆனி பிறக்குமுன் எல்லாக் கட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுவர் கிழக்குப் பார்த்ததாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. காலை வெயில் பனியையும் மழையீரத்தையும் உடனே காயவைக்கும், பிற்பகல் சூடு படாது. மேற்குச் சுவர் என் மஞ்சள் ரோஜாவைச் சமைத்த கதையைத்தான் சொன்னேனே.

கவாத்து பற்றிக் கொஞ்சம். முதல் இரண்டு வருஷம் கத்தரியை எடுக்காதீர்கள். பேருக்கு முன்னால் 'கிளைம்பிங்' என்று வரும் பல ரகங்கள் புதர் ரோஜாவிலிருந்து தானாக மாறிக் கொடியானவை. சின்ன வயதில் ஒட்ட வெட்டினால் திரும்பப் புதராகிவிடும். மூன்றாம் வருஷம் முதல் பட்டதையும் கிழடு தட்டின கிளையையும் எடுக்கலாம். ஐப்பசியிலேயே வெட்டுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. நான் மழை முழுசாக விட்ட பிறகுதான் வெட்டுவேன். வெட்டுவாயில் ஈரம் பட்டால் நுனிக்கருகல் உள்ளே போகும். பென்சில் கரியைத் தடவினது போலக் கறுப்பு மேலிருந்து இறங்கும், வழியில் இருக்கும் கண்களையெல்லாம் கொன்றுகொண்டே. எந்த ரகமும் இதற்கு முழுசாகத் தப்பாது. கறுப்புக்குக் கீழே வெட்டுவாய் நல்ல பச்சையாகத் தெரிகிற வரை வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்து அப்ப வேண்டும். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் துடைக்க வேண்டும். கரும்புள்ளி பிடித்து உதிர்ந்த இலையைப் பொறுக்கி வெளியே தள்ளுவதும் இந்த வகை வேலைதான். அலுப்பான வேலை, ஆனால் அடுத்த மழையில் தெறிக்கப்போகும் வித்து அந்தச் சருகில்தான் காத்திருக்கிறது.

இப்போது அந்த நல்ல வழி. நர்சரிக்குத் தையில் போகாதீர்கள். அப்போது எல்லாச் செடியும் புதுத்துளிரோடு கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். கார்த்திகை அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு போங்கள். பூவைப் பார்க்காமல் ஒவ்வொரு செடியிலும் கீழ் ஒரு சாண் உயரத்தைப் பாருங்கள். பக்கத்துச் செடியெல்லாம் மொட்டையாக நிற்க, ஒன்று மட்டும் அடி இலையோடு நின்றால் அதற்கு முன்பணம் கொடுத்துவிட்டு, தையில் போய் எடுத்துவந்து நடுங்கள். ஜெர்மனிக்காரர்கள் மூன்று வருஷம் பார்ப்பதை நீங்கள் ஒரு மழைக்காலத்தில் பார்த்துவிடலாம், அதுவும் நம்மூர்ப் பூஞ்சையை வைத்தே.

அதைவிடவும் நம்பகமானது, உங்கள் தெருவில் பத்து வருஷமாகச் சுவரில் நிற்கிற செடி. அதே தண்ணீர், அதே வெயில், அதே காற்று. பேர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. பல வீடுகளில் அப்படி நிற்பது எட்வர்டு ரோஜா. மாலைக்காரர்கள் பன்னீர் ரோஜா என்று விற்பவற்றில் அதுவும் உண்டு. இந்துமாக் கடலில் அந்தக் காலத்தில் பூர்போன் என்று பேர்பெற்ற ரியூனியன் தீவில் வேலியாக நின்ற 'ரோஸ் எதுவார்', நம் வாயில் எட்வர்டாகிவிட்டது. சரியான கொடி வகை இல்லைதான், ஆனால் வெட்டாமல் விட்டுத் தூணில் சுற்றிக் கட்டினால் ஆள் உயரத்துக்கு மேல் போகும். மழையில் கொஞ்சம் இலை உதிர்க்கும், தையில் திரும்பத் துளிர்க்கும். குச்சியிலேயே வேர் பிடிப்பதால் ஒட்டு வேண்டாம். மேலே கருகினாலும் அடியிலிருந்து வருவது அதே ரோஜாதான், என் வீட்டு வெள்ளைப் பூக் கதை நடக்காது.

முக்கூடலில் ஒரு வளவு வாசலில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். எட்வர்டு இல்லை, வெளிர் இளஞ்சிவப்பில் கொத்தாகப் பூக்கும் உண்மையான கொடி வகை. பேர் யாருக்கும் தெரியவில்லை. கார்த்திகைக் கடைசி, அடி இலை முக்கால்வாசி இருந்தது. பதியன் போட்டுக்கொள்ளட்டுமா என்று அந்த வீட்டு ஆச்சியிடம் கேட்டேன்.

"குச்சிய வெட்டிட்டுப் போவ வேண்டியதானய்யா, பதியன் எதுக்கு?"

"குச்சி பிடிக்கலைன்னா திரும்ப உங்ககிட்டதான் வரணும் ஆச்சி."

"வந்தா என்ன, வழியா தெரியாது?"

இருந்தாலும் பதியன்தான் போட்டேன். பென்சில் தடிமனுள்ள நீண்ட கிளை ஒன்றை மண்ணுக்கு வளைத்து, கணுவுக்குக் கீழே சாய்வாகப் பாதி ஆழம் கீறி, கீறல் மூடிக்கொள்ளாமல் ஒரு தீக்குச்சியைச் செருகி, தொட்டி மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல் வைத்தேன். நுனி மட்டும் வெளியே. ஆச்சி தினம் பாத்திரம் கழுவப் போகும்போது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். எட்டு வாரம் கழித்து லேசாக இழுத்துப் பார்த்தேன், பிடி கொடுத்தது. தாய்ச் செடியிலிருந்து அறுத்து, தொட்டியோடு பஸ்ஸில் கொண்டுவந்து மதினி வீட்டுக் கிழக்குச் சுவரில் வைத்தோம். பழைய செடியை எடுத்துவிட்ட இடத்தில் அல்ல, நாலடி தள்ளி.

இந்த ஐப்பசியிலும் போன் வந்தது. "கீழ பத்துப் பதினஞ்சு இலை மஞ்சளாயிருக்கு தம்பி, மிச்சம் நிக்கி. பொறுக்கித் தூரப் போட்டுட்டேன். அந்த ஆச்சிக்கு ஏதாவது வாங்கிட்டுப் போகணுமே, எப்பம் போறீங்க?"